நைனாவுக்கு ஒரு பிடி ஈசல்

கரையானுக்கு நன்றி சொன்ன ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, நான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எழுதும்போது எனக்கே பாதி நேரம் சிரிப்புதான்.

சென்னை நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல வராது. காலையில் மோட்டார் போடுவேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் பயப்படாமல் இருக்க வெளியே நின்று பேச்சுக் கொடுப்பேன். குழாய் ஒழுகினால் முதலில் துணி சுற்றுவேன், பிறகு பிளம்பரைக் கூப்பிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். அம்மா அதைச் சொல்லி அழுவாள். அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் அன்றைக்கு எப்படி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொல்வேன்.

எங்கள் வீடு குடியிருப்பின் பின்பக்கச் சுவரைத் தாண்டினால் அடுத்த தெரு. நடுவில் ஒரு காலி மனை. அந்த மனையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சள் பூசி, பால் ஊற்றுகிறவர்கள் ஊற்றுகிறார்கள். உள்ளே பாம்பு இருக்கிறதோ இல்லையோ, கரையான் இருக்கிறது. அதற்கு நான் உத்தரவாதம்.

குடியிருப்பு நிற்கிற இடம் ஒரு காலத்தில் நெல் வயல். நைனா, அதாவது என் அப்பா, சின்ன வயதில் இதே இடத்தில் நாற்று பிடுங்கியிருக்கிறார். "வயலு போயிடுச்சேன்னு பேஜாரா இல்லியா நைனா?" என்று ஒருமுறை கிண்டினேன்.

"யாரு வயலு? சேத்துல நின்னவன் நானு. வரப்புல நின்னவனுதுடா வயலு. அம்பத்தூரு இஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன பொறவுதான் எனக்குக் காலுக்குச் செருப்பே வந்துச்சு," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை.

இஸ்டேட் என்கிற அந்தத் தொழிற்பேட்டையில் தகடு அமுக்குகிற மெஷினில் இருந்தார். இடது கை நடுவிரல் நுனியை அந்த மெஷின் வாங்கிக்கொண்டது. அன்றைக்குக்கூட நைனா அழவில்லை. ஆனால் ஊசி என்றால் போதும், ஆள் சின்னப் பிள்ளையாகிவிடுவார்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிரிப்ஸ் ஏற்றி, காய்ச்சலை இறக்கி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் போனது, போகிற போக்கில் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைப்பார், தட்டைத் தள்ளுவார்.

"மண்ணு மாதிரி கீது."

அம்மா இட்லி வைத்தாள். மண்ணு. கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மண்ணு. நான் பூந்தமல்லி வரைக்கும் வண்டியில் போய் பிரியாணி வாங்கிவந்தேன். அதுவும் மண்ணு.

"எல்லாத்தையும் மண்ணுன்ற. மண்ண எப்ப துன்னு பாத்த நீ?" என்றேன்.

முன்பு என்றால் பக்கத்தில் இருக்கிற செருப்பு பறந்து வரும். அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் கிண்டல் அதோடு நின்றுபோனது. லுங்கி முடிச்சு இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மறுபடியும் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. நைனாவுக்கும் அது தெரியும். கையில் ஊசி குத்தின இடத்தைத் தடவிக்கொண்டே படுத்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. அடித்து ஊற்றிவிட்டுச் சட்டென்று நின்றது. ஈர மண் வாசனை சந்துக்குள் வந்தது. நைனா மூக்கை உறிஞ்சினார். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"இன்னிக்கு ஈசல் பறக்கும்டா. ஒரு புடி வறுத்துக் குடுத்தா துன்னலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். கேட்டு எத்தனையோ நாள் ஆன வார்த்தை. துன்னலாம்.

தெரியாதவர்களுக்கு ஈசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட சாயங்காலத்தில் புற்றுக்குள்ளிருந்து புகை மாதிரி கிளம்பி, விளக்கைத் தேடி வருமே, அதுதான். மாடிவீட்டுக்காரர்கள் அதை ஏதோ தனிப் பூச்சி என்று நினைக்கிறார்கள். அது கரையான்தான். கல்யாண வயது வந்த கரையானுக்குச் சிறகு முளைத்தால் ஈசல். வாசக்காலை அரிக்கிறதும் அந்த வீட்டார்தான், டியூப்லைட்டைச் சுற்றுகிறதும் அந்த வீட்டார்தான். எங்கள் தெருவில் அதைப் பிடித்து, சிறகை உதிர்த்து, முறத்தில் புடைத்து, வெறும் சட்டியில் வறுத்து, பொரி அரிசியும் உப்பும் சேர்த்துத் தின்பார்கள். எண்ணெயே வேண்டாம், அதற்குள்ளேயே நெய் இருக்கும். நான் சின்ன வயதில் தின்றிருக்கிறேன். பிறகு சிப்ஸ் பாக்கெட் வந்தது. ஈசலா, சீச்சீ என்கிற நாகரிகமும் கூடவே வந்தது.

ஈசல் பிடிக்க வெளிச்சம் வேண்டும். மழை தொடங்கியதுமே எங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தது. குடியிருப்பில் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. மழை விட்ட சாயங்காலத்தில் பொது விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், ஈசல் உள்ளே வரக்கூடாது. மாடி மாடியாகப் போய் அந்த விளக்குகளை அணைக்கிற ஆள் யார் தெரியுமா? நான்தான். அந்தப் பகுதியிலேயே ஈசலை விரட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள். அந்த ஆளுக்கே அன்றைக்கு ஈசல் வேண்டும்.

சங்கச் செயலாளரிடம் போனேன். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்தால் வட்டி குறைந்துவிடும் என்பது மாதிரி முகம்.

"சார், இன்னிக்கு ஒரு நாளு லைட்ட அணைக்காம வுட்டுர்லாமா?"

"ஏன்?"

"ஈசல் வேணும் சார்."

"எதுக்கு?"

"துன்றதுக்கு."

கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"எங்க நைனா சார். காய்ச்சல் வந்து படுத்துக்கினு கீறாரு. எதுவும் எறங்கல. இத்த மட்டும்தான் வாயத் தொறந்து கேட்டாரு. நாளைக்கு மறுபடியும் ஆஸ்பத்திரின்றாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் வழக்கம்போல வாயை அடக்க முடியாமல், "கரையான் உங்க ஊட்டு வாசக்கால துன்னுது. அத்த எங்க நைனா துன்னட்டும். கணக்கு டேலி ஆயிடும் சார்," என்றேன்.

வட்டி கொஞ்சம் குறைந்தது. "சரி, மொட்டை மாடி ஃபோகஸ் லைட்டை மட்டும் போடு. மத்ததெல்லாம் அணைச்சிரு. பூச்சி எல்லாம் மேல போயிடும், வீட்டுக்குள்ள வராது. இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோணல?" என்றார். சொன்னதோடு விடவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவரே ஒரு செய்தியும் போட்டுவிட்டார். வீட்டுக்குள் வருகிற ஈசலைக் கூட்டி வெளியே கொட்ட வேண்டாம், காவலாளி அறைக்கு அனுப்புங்கள், மருத்துவக் காரணம் என்று. மருத்துவக் காரணம். பேங்க்குக்காரர் மூளை பேங்க்குக்காரர் மூளைதான்.

மொட்டை மாடிக்குப் போய் விளக்கைப் போட்டு, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்தேன். வெளிச்சத்துக்கு வருகிற ஈசல் தண்ணீரில் மின்னுகிற வெளிச்சத்திலும் போய் விழும். இருட்டுகிற நேரம். காலி மனைப் பக்கம் எட்டிப் பார்த்தால் புற்றுக்கு மேலே காற்று நடுங்குகிற மாதிரி இருந்தது. ஈசல் கிளம்பிவிட்டது.

கீழே இறங்கும்போது முதல் மாடியில் இருக்கிற மேடம் பிடித்துக்கொண்டார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தஞ்சாவூர்க்காரர்.

"குழுவுல பாத்தேன்ப்பா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? அந்தக் காலத்துல ராஜா வீட்டுக்குப் பாட வந்த புலவருக்கே ஈசல் விருந்து போட்டிருக்காங்க, தெரியுமா? புளிச்ச மோரும் ஈசலும் சேத்து ஆக்கின சோறு. மேல வெண்ணெய் உருகும். பழைய பாட்டுல எல்லாம் வருது."

"நெசமாவா மேடம்? மோர்ல ஈசலா?"

"நெசமாத்தான். நம்ம முன்னோர் சாப்பாடுப்பா அது."

எனக்கு மார்பு அகன்றுவிட்டது. நாங்கள் ஏழைப்பட்டவர்கள் என்பதால் பூச்சி தின்றோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது புலவர் சாப்பாடு. இதைப் பத்தாவதில் சொல்லிக்கொடுத்திருந்தால் பதினொன்றாவதும் போயிருப்பேன்.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் குடியிருப்பில் நடந்ததைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் லிஃப்டில்கூடப் பார்க்காத ஜனங்கள் துடைப்பமும் முறமுமாக வராண்டாவுக்கு வந்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் ஒருவர், பிரசாதப் பையில் ஒருவர், மகனின் டிபன் பாக்ஸில் ஒருவர். "அண்ணா, இது போதுமா?" "தம்பி, அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என் நைனா என்று ஒருவர் இருப்பதே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டினேன். பக்கெட் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மாடியில் வைத்த டப்பின் நினைவே எனக்கு இல்லை.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கெட்டைப் பார்த்ததும் நைனா எழுந்து உட்கார்ந்தார். யாரும் பிடிக்காமல் அவராகவே.

"இன்னாடா, ஊரையே காலி பண்ணிக்கினு வந்துட்டியா?"

"உனுக்கு ஒரு புடி, மீதிய இஸ்டேட்டுக்கு ஏத்துமதி பண்றேன்."

நைனா சிரித்தார். பல்லெல்லாம் பெரிசாகத் தெரிந்தது, முகம் அவ்வளவு சின்னதாகியிருந்தது.

அம்மா முறத்தை எடுத்து, ஒரு கை அள்ளிப் போட்டுப் புடைத்தாள். நிறுத்தினாள். முறத்தை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள்.

"டேய். கொசு மருந்து வாசன வருது."

"மழ வாசனயா இருக்கும்மா."

"மோந்து பாரு."

பார்த்தேன். பாட்டிலில் வருமே, கரப்பான் மேலே அடிக்கிற மருந்து, அதே வாசனை. யாரோ அடித்துக் கொன்று கொடுத்திருக்கிறார்கள். அதை எல்லாவற்றோடும் சேர்த்துக் கலக்கியவன் நான். எது நல்லது, எது விஷம் என்று கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். "வுடு, பரவால்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பக்கெட்டோடு குடியிருப்புக்கு ஓடினேன். ஈசலுக்கு மருந்தடித்துக் கொடுத்தது யார் என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். முதல் மாடிக் கதவு திறந்தது. தமிழ் டீச்சர்.

"நான்தாம்ப்பா. உயிரோட ஊர்ந்துக்கிட்டே இருந்துச்சு. சும்மா அப்படியே குடுக்கிறது மரியாதையா இருக்காதுன்னு ஸ்ப்ரே அடிச்சு, சுத்தமாக் கூட்டிக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கை வாய்க்குப் போனது. "ஐயோ. நான் ஒரு முட்டாள்."

"மேடம், புலவருக்கும் ஸ்ப்ரே அடிச்சுதான் போட்டாங்களா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தால் எதுவும் கிண்டலாகத்தான் வெளியே விழும். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை. என் அப்பாவுக்கு என்று துடைப்பம் எடுத்த கை அது.

மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. தூறினால் ஈசல் நின்றுவிடும். விளக்கையாவது அணைத்துவிட்டு வரலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே ஒரு ஆள் குந்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடி ஐ.டி. சார். தென்காசிப் பக்கத்துக்காரர். எப்போதும் கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஒயர். அன்றைக்கு லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு என் டப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அசைவது நின்றது.

"சார், இன்னா துன்றீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"மீசையில றெக்க ஒட்டிக்கினு கீது சார்."

தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "வீட்டுல சொல்லிராத, என்ன. அவளுக்கு நான் ஈசல் திங்கிற ஆளுன்னு தெரியாது. எங்க ஊர்ல மழைக்கு மறுநாள் டவுசர் பை நிறைய இதுதான் இருக்கும். காலேஜுக்கு வந்து ஒருத்தன்கிட்ட சொன்னேன். நாலு வருஷம் என் பேரே ஈசல். அதுக்கப்புறம் வாயத் தொறக்கல." டப்பைக் காட்டினார். "நீ லைட்டுக்கு நேர் கீழ வச்சிருந்த. காத்து இந்தப் பக்கம் அடிக்கு. செவத்து ஓரமா மாத்தி வச்சேன். ஓரளவுக்கு விழுந்துருக்கு."

எட்டிப் பார்த்தேன். பக்கெட் அளவு இல்லை. தண்ணீர் மேலே சிறகுகள் மிதந்தன, அடியில் கொஞ்சம். வடித்தால் இரண்டு பிடி வரும். மருந்து படாத இரண்டு பிடி.

பக்கெட் கதையைச் சொன்னேன். அவர் உடனே தலையில் இருந்த துண்டை எடுத்து, அதிலேயே வடிகட்டி, முடிந்து என் கையில் கொடுத்தார். "நான் தின்னதை மட்டும் கழிச்சுக்கோ," என்றார்.

படிக்கட்டில் தமிழ் டீச்சர் நின்றிருந்தார். கையில் ஒரு தூக்குவாளி. "மோருப்பா. ரெண்டு நாள் புளிச்சது. தயிர்சாதத்துக்கு ஆகாதுன்னு கொட்ட இருந்தேன். சும்மா அந்தப் பாட்டு ஞாபகத்துல எடுத்துட்டு வந்தேன். வேணாம்னா ஊத்திரு."

"இதுல ஒண்ணும் அடிக்கலியே மேடம்?"

"ஓடிரு," என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

நான் இறங்கும்போது மழையில் நனைந்த ஈசல் சில, சிறகை உதறிவிட்டு, ஜோடி ஜோடியாகச் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தன. அற்பமான வாழ்வுக்கு ஈசலைத்தான் உவமை சொல்வார்கள். ஒரு பொழுது பறந்து செத்துப்போகிறது என்று. எல்லாம் சாவதில்லை. ஜோடி கிடைத்து, ஈர மண்ணும் கிடைத்துவிட்டால், உள்ளே போய் ராஜா ராணியாக உட்கார்ந்துவிடும். அந்த ராணி வருஷக் கணக்கில் வாழும். என்னுடைய எந்த செல்போனும் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததில்லை. எதையும் மிதிக்காமல் ஒதுங்கி இறங்கினேன். செயலாளர் வாசக்காலை யாராவது தின்ன வேண்டும் அல்லவா.

வீட்டில் அம்மா துண்டு முடிச்சை அவிழ்த்து முதலில் மோந்துதான் பார்த்தாள். பிறகு வெறும் சட்டியில் வறுத்தாள். இரண்டு பிடி வறுபட்டதும் ஒன்றரைப் பிடி ஆனது. இதைப் பொரி அரிசியில் கலந்தால் ஈசலைத் தேட வேண்டியிருக்கும். நான் டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"மோர்லயா? எங்க ஜென்மத்துல அப்டி ஆக்கினதில்ல," என்றாள் அம்மா.

"ராஜா ஊட்டு சாப்பாடும்மா. நமக்கு எங்க தெரியும்?"

முணுமுணுத்துக்கொண்டே அந்தப் புளித்த மோரில் பழைய சோற்றைப் போட்டு, குழையச் சூடாக்கி, வறுத்ததை மேலே தூவினாள். வெண்ணெய் இல்லை, விட்டுவிட்டோம். புளிப்பு வாசனையும் வறுத்த வாசனையும் சேர்ந்து அந்த ஒற்றை அறையில் நின்றன. நைனா இந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னாடி அது?"

அம்மா தட்டை நீட்டினாள். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமாகத் தட்டு நகர்கிற நேரம் வந்தது. நகரவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். புருவத்தைச் சுருக்கினார். மண்ணு என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உப்பு கம்மியா கீது," என்றார்.

அம்மா அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் சமையலில் உப்பு கம்மி என்று சொன்னவர்கள் யாரும் நல்ல பேச்சு வாங்காமல் போனதில்லை. அன்றைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி உப்பு ஜாடியைத் தேடப் போனாள். அவள் எடுத்துக்கொண்டு வருவதற்குள் நைனா தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.